பொருள் ஏதும் தேவையில்லை

அமுதினிக்கு வந்த பட்டியலில் இரண்டு குழந்தைகளுக்கான சாமான்கள் இருந்தன. அவள் வயிற்றில் இருந்தது ஒன்று.

கடையில் மூட்டை கட்டும்போதுதான் அது தெரிந்தது. கவுண்டரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்த ரெஜினா என்ற கடைப்பெண் பாதியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெட்டைங்களா? சொல்லவே இல்லை பாருங்க."

"ஒண்ணுதானுங்க," என்றாள் அமுதினி.

"தூளிச் சேலை ரெண்டு இருக்குது. குளிக்கற தொட்டி ரெண்டு. காதை மூடற தொப்பி மூணும் மூணும் ஆறு. எதுக்கும் இன்னொருக்கா ஸ்கேன் பாத்துருங்க கண்ணு. பட்டியல் தப்பாது."

அந்த வருடங்களில் பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன வாங்குவது என்று யாரும் யோசிப்பதில்லை. கர்ப்பத்தின் ஏழாம் மாதம் தொடங்கியதும் முன்தேவை மையத்திலிருந்து பட்டியல் வந்துவிடும். தாயின் இரத்தம், குழந்தையின் மரபணு, வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், தகப்பன் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரம் என்று எல்லாவற்றையும் எந்திரம் பார்க்கும். முதல் ஆறு மாதத்துக்கு அந்த வீட்டில் எது எவ்வளவு தேவைப்படும் என்று கணக்காகச் சொல்லும். கடையில் காட்டினால் சாமான் இலவசம். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் கிடைக்காது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் காரணத்தையும் அச்சடித்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சிலர் குழந்தையே வேண்டாம் என்று போனார்கள். மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போன தகப்பனும் உண்டு. பிறகு சட்டம் வந்தது. பொருளைச் சொல்லலாம், காரணத்தைச் சொல்லக்கூடாது. அதிலிருந்து ஜனங்கள் பொருளைப் பார்த்துக் காரணத்தைத் தேடப் பழகிக்கொண்டார்கள். கிலுகிலுப்பை இல்லாமல் ஒரு பட்டியல் வந்தால் தெருவே அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது என்று பேசிக்கொள்ளும். பெரும்பாலும் அப்படியே ஆனது.

அமுதினி மூட்டையைத் தூக்க ஆள் வரட்டும் என்று ஓரமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண் கவுண்டருக்கு வந்தாள். அவளும் கர்ப்பிணி. எங்கோ பார்த்த முகம். தான் தரம் பார்க்கும் அதே பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் இருப்பவள் என்பது அமுதினிக்குச் சற்றுக் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

ரெஜினா அவளுடைய பட்டியலைத் திரையில் பார்த்தாள். ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது... ஒரு வரிதானுங்க இருக்குது."

"என்னன்னு?"

ரெஜினா வாசிக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். அமுதினியும் பார்த்துவிட்டாள். 'பொருள் ஏதும் தேவையில்லை.'

அந்தப் பெண் அதைப் படித்தாள். "சரி," என்றாள். கொண்டுவந்திருந்த காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் அழுதிருந்தால் யாராவது பக்கத்தில் போயிருப்பார்கள். அவள் அழாததால் எல்லோரும் தங்கள் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அமுதினியும்.

*

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குழந்தைதான். டாக்டரம்மா சிரித்தே விட்டார். "எந்திரத்துக்கும் எப்பவாச்சும் தடுமாறுமுங்க. கூடுதலா வந்தா நல்லதுதானே?"

வீட்டுக்கு வந்ததும் நல்லசிவம் சாமான்களைப் பிரித்து அலமாரியில் அடுக்கினான். நிட்டிங் மெஷின் மெக்கானிக். எதையும் பிரித்தால் வரிசை பார்த்துத்தான் வைப்பான். இரண்டு செட்டையும் தனித்தனியாக வைத்தபோதுதான் அவை ஒன்றுபோல இல்லை என்பது தெரிந்தது. முதல் செட்டில் பால் பவுடர் இல்லை. இரண்டாவதில் டப்பா டப்பாவாக இருந்தது, புட்டிகளும். இரண்டாவதின் சட்டைகள் ஓர் அளவு சிறியவை.

"அம்மிணி, இங்க வா. இந்தத் தேதியப் பாரு."

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'தொடங்கும் நாள்' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் செட்டுக்குச் செப்டம்பர் ஒன்பது. அவளுக்கு டாக்டர் குறித்த தேதியும் அதை ஒட்டித்தான். இரண்டாவதற்குச் செப்டம்பர் முப்பது.

அமுதினி கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் கழித்து இந்த வீட்டுக்கு இன்னொரு குழந்தை வருகிறது. அது அவள் பெறும் குழந்தை இல்லை. அவள் பாலைக் குடிக்காத குழந்தை. யாருடையது?

அவள் மனம் போன இடத்துக்கு அவளே வெட்கப்பட்டாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, எங்கிட்ட சொல்லாம ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"என்னது?"

"வேற ஆருக்காச்சும்... உங்களால..."

நல்லசிவத்தின் கையில் ஒரு சின்னத் தொப்பி இருந்தது. அதை வைக்கும் இடம் தெரியாதவன்போல் நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் கோபப்படவில்லை. முகம்தான் ஒருமாதிரி ஆயிற்று.

"ஆறு வருசம் ஒண்ணா இருந்திருக்கறோம். ஒரு காகிதம் வந்ததும் இப்பிடிக் கேட்டுப் போட்டியே."

"பட்டியல் தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே. நான் என்ன பண்ணட்டும்?"

இரண்டு நாள் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். அலமாரிப் பக்கம் இருவரும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "கெளம்பு. மையத்துலயே போய்க் கேட்டுருவோம். எனக்கும் தெரிஞ்சாகோணும்."

*

மையத்தில் குறை கேட்கும் அதிகாரியின் பெயர் தயாளன். முப்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் "மன்னிக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தான்.

"மன்னிக்கோணுமுங்க, காரணம் சொன்னா சட்டப்படி குத்தமுங்க. நெசத்தைச் சொன்னா, எங்களுக்கே தெரியாதுங்க. நாலு லட்சம் வீடு எப்பிடி நடந்துக்கிச்சுன்னு அது பாத்து வெச்சிருக்குது. அதை வெச்சு உங்க வீடு எப்பிடி நடந்துக்குமுன்னு சொல்லுது. அவ்ளோதான்."

"எங்க வீடு எப்பிடி நடந்துக்குமுன்னா?" என்றான் நல்லசிவம். "என் பொண்டாட்டி வயித்துல இருக்கறது ஒண்ணு. அது ரெண்டுங்குது."

"வயித்துக்குப் பட்டியல் போடறதில்லீங்க. கதவு நம்பருக்குத்தான் போடறது. இந்த விலாசத்துல எத்தனை கொழந்தை வளரும், அதுகளுக்கு என்ன வேணும். பெத்தது ஆருங்கறது அதுக்குத் தேவையில்லீங்க."

அமுதினி நிமிர்ந்தாள். "அப்ப ஒருத்தருக்கு ஒண்ணுமே தேவையில்லைன்னு வந்தா?"

தயாளன் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினான்.

"கொழந்தை செத்துப் போகுமுன்னு அர்த்தமுங்களா?"

"அந்த விலாசத்துல கொழந்தை இருக்காதுன்னு அர்த்தமுங்க." சொன்ன பிறகு அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவன் கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு ஒரு படிவத்தை நகர்த்தினான். "ரெண்டாவது செட் தப்பா வந்திருக்குதுன்னா இதுல கையெழுத்துப் போடுங்க. வந்து எடுத்துக்குவாங்க."

நல்லசிவம் பேனாவை எடுத்தான். கையெழுத்து அவள் போட வேண்டும், பட்டியல் அவள் பெயரில். அவள் பேனாவை வாங்கவில்லை.

"வீட்டுக்குப் போலாங்க," என்றாள்.

வழியில் பேருந்தில் அவன் காதருகே சொன்னாள். "நான் உங்களைக் கேட்டது தப்புங்க."

"அது கெடக்குது உடு. ஆனா அது ஆரு கொழந்தை?"

"நாளைக்குச் சொல்றேன்."

*

கடையிலிருந்து காலிப் பையோடு போனவளைப் பேக்கிங் பகுதியில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பெயர் காளீஸ்வரி. சாத்தூர்ப் பக்கம். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். புருஷன் வடக்கே வேலைக்குப் போனவன் நாலாம் மாதத்திலிருந்து போன் எடுப்பதில்லை. ஊரில் அண்ணன் இருக்கிறான், அவனுக்கே கஷ்டம். எட்டாம் மாதம் முடிந்ததும் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். அங்கே கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"தேதி என்னைக்கு?" என்று கேட்டாள் அமுதினி.

"செப்டம்பர் முப்பதுன்னாங்க. என்னக்கா இப்பப் போயி தேதியக் கேக்கீங்க? அதான் ஒண்ணும் வேண்டாம்னு வந்துருச்சுல்ல. நான் மனசத் தேத்திக்கிட்டேன்."

அமுதினி டப்பாவை மூடி வைத்தாள். குழந்தை சாகாது. அது தன் வீட்டில் வளரப் போகிறது. இதை இந்தப் பெண்ணிடம் உடனே சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் தெரிந்தது. பால் பவுடர் டப்பாக்கள் கண்முன்னால் வந்தன. முதல் நாளிலிருந்தே பால் பவுடர் குடிக்கும் குழந்தையின் தாய் எங்கே இருப்பாள்?

வீட்டில் நல்லசிவத்திடம் சொன்னாள்.

"அந்தப் புள்ள செத்துப் போயிருமுன்னு சொல்றியா?"

"எனக்குத் தெரியலீங்க. ரெண்டு மாதிரியும் இருக்கலாம். அவ இல்லாம கொழந்தை மட்டும் இங்க வரலாம். அவளும் கூடவே வரலாம். பட்டியல்ல தாய்க்கு வரியே இல்லை. அது கொழந்தையத்தானே எண்ணுது."

"இங்க இருக்கறதே ரெண்டு ரூம்பு. உனக்கும் அம்மா இல்லை. எங்கம்மா தாராபுரத்துல படுத்த படுக்கை. உன்னைப் பாக்கவே ஆளில்லாம நான் லீவு சொல்லி வெச்சிருக்கறேன்."

"அதுவுந்தான் யோசிச்சேன். அவ வந்தா எனக்கும் ஒரு தொணையாகுமுங்க."

அவன் எழுந்து போய் இரண்டாவது அறையைத் திறந்து பார்த்தான். அதில் பழைய மெஷின் பாகங்களும் ஒரு சைக்கிளும் கிடந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்தான். மறுபடி போய்த் திறந்தான்.

"அது சொல்லிப் போட்டுதுன்னு நாம செய்யறமா? இல்லை நாம செய்வோமுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"அதைத்தானுங்க எனக்கும் கேக்கத் தோணுது. ஆருகிட்டக் கேக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை விற்றுவிட்டு அறையைக் கழுவினான்.

*

காளீஸ்வரி ஒரு ட்ரங்குப் பெட்டியும் ஒரு பக்கெட்டுமாக வந்தாள். பிரசவம் வரைக்கும் துணைக்கு இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. அமுதினி பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள்.

நான்காம் நாள் துணி மடித்து வைக்கப் போன காளீஸ்வரி அலமாரியைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். இரண்டாவது செட்டின்மேல் தொங்கிய அட்டையில் அவளுடைய தேதி இருந்தது.

"யக்கா," என்று கூப்பிட்டாள். "இது எம்புள்ளைக்கா?"

அமுதினி தலையாட்டினாள்.

காளீஸ்வரி ஒரு தொப்பியை எடுத்துத் தன் கைமுட்டிமேல் கவிழ்த்துப் பார்த்தாள். சிரித்தாள். "அப்ப சாகாது."

"சாகாது."

பிறகு அவள் கை டப்பாக்கள்மேல் போயிற்று. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போய், கடைசி டப்பாவில் நின்றது. "அப்ப நான்?"

"தெரியாது காளீஸ்வரி. பால் கொறைவா இருந்தாலும் பவுடர் குடுப்பாங்க. நெசமாவே தெரியாது."

"தெரியாதுன்னுதான் சொல்லாம இருந்தீகளாக்கும்."

"ஆமா."

அவள் தரையில் மெல்ல உட்கார்ந்தாள். "அந்த ஆபீசுல தெரிஞ்சிருக்கும்ல? எனக்கு இன்னது ஆகப்போவுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா குத்தம்? புள்ளைக்குத் தொப்பி எத்தனைன்னு சொல்லத் தெரியுது."

அமுதினியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வயிறு தடுத்ததால் இருவருக்கும் காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது.

அடுத்த வாரம் நல்லசிவம் இருவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காளீஸ்வரிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. எதற்காக இவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். பட்டியலைக் காட்டினால் அதை வைத்து வைத்தியம் பார்க்கச் சட்டம் இல்லை என்றார்கள். அவளுடைய இரத்த வகைக்கு ஆள் கிடைப்பது மட்டும் கொஞ்சம் கஷ்டம் என்று ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொன்னாள். நல்லசிவம் அதைப் பிடித்துக்கொண்டான். தன் பட்டறை, பக்கத்துப் பட்டறை, சாயப்பட்டறை என்று சுற்றி அந்த வகை இரத்தம் உள்ள நாலு பேருடைய போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் ஒட்டினான். நாலு பேரிடமும் செப்டம்பர் கடைசியில் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தான்.

செப்டம்பர் ஒன்பதில் அமுதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டியது காளீஸ்வரிதான். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்த்து, குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, இடுப்பில் தன் வயிறு இடிக்க இடிக்கக் குளிப்பாட்டினாள்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் காளீஸ்வரிக்கு வலி வந்தது. மதியம் ஆண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் நல்ல குரல். அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து, இரத்தம் நிற்கவில்லை, யார் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நல்லசிவத்தின் கையில் போன் இருந்தது. நாலு பேரில் மூன்று பேர் இருபது நிமிடத்துக்குள் வந்துவிட்டார்கள். ஒருவன் மெஷினை நிறுத்தாமல் எண்ணெய்க் கையோடு வந்தான்.

பன்னிரண்டு நாள் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் மகன் அமுதினியின் வீட்டில், சிறிய சட்டையும் காதை மூடும் தொப்பியும் போட்டுக்கொண்டு, புட்டியில் பால் குடித்தான். அவன் பசியாறிய நேரமெல்லாம் அமுதினி அழுதாள். எந்திரம் ஒன்றைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

காளீஸ்வரி பிழைத்தாள். அவளுக்குப் பால் மட்டும் வரவே இல்லை.

*

ஆறு மாதம் முடிந்ததும் சரிபார்க்கத் தயாளன் நேரில் வந்தான். காளீஸ்வரி ஊருக்குப் போயிருக்கவில்லை. போவதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. இரண்டு குழந்தைகளும் பாயில் கிடந்தன. தயாளன் செலவான சாமான்களைப் பார்த்துக் கையிலிருந்த கருவியில் குறித்துக்கொண்டே போனான். அவன் முகம் மலர்ந்தது.

"நூத்துக்கு நூறுங்க. ஒரு டப்பாகூட மிச்சமில்லை. இந்த மாவட்டத்துல ரெட்டைப் பட்டியல் வந்து சரியா அமைஞ்சது உங்க வீடு ஒண்ணுதான்."

"மொத்தம் எத்தனை வீட்டுக்கு வந்துது?" என்றாள் அமுதினி.

"நாப்பத்தொண்ணுங்க."

"மத்த நாப்பதும்?"

"தப்பா வந்திருக்குதுன்னு ரெண்டாவது செட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. புகார் மேல புகாருங்க. அதனால இப்ப எந்திரத்தைத் திருத்திப் போட்டோம். அடுத்த மாசத்துலருந்து ஒரு வயித்துக்கு ஒரு செட்டுதான் வரும். ரெட்டையே வராது."

காளீஸ்வரி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "ஒண்ணும் தேவையில்லைன்னு ஒரு பட்டியல் வருமே சார். அதுவும் வராதா?"

"அது வருமுங்க." அவன் சாதாரணமாகச் சொன்னான். "அதைப் பத்தி ஆரும் புகார் குடுக்கலீங்களே."

பாயில் கிடந்தவர்களில் ஒன்று மற்றதன் விரலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

"நான் குடுக்கேன்," என்றாள் காளீஸ்வரி. "புகார் எதுல எழுதணும்? குடுங்க."

"உங்களுக்குத்தான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்களே. என்னன்னு எழுதுவீங்க?"

அவள் கருவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உண்மையிலேயே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பட்டியல் சரியாகத்தான் இருந்தது. அவள் அமுதினியைப் பார்த்தாள். அமுதினிக்கும் தெரியவில்லை. வெகுநேரம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்.

தயாளன் வாசித்தான். "ஒண்ணும் தேவையில்லைன்னு பட்டியல் வந்த மத்த நாப்பது பேரும் எங்கே." பிறகு தயங்கினான். "மன்னிக்கோணுமுங்க. இது புகார் இல்லீங்க. கேள்வி. கேள்விக்குக் கட்டமே இல்லை."

"கட்டம் இல்லாட்டிப் போகட்டும் சார். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தான். எழுந்து வாசல்வரை போனான். அங்கே செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தான்.

"முப்பத்தொம்பது பேருக்குத் தேதி முடிஞ்சு போச்சுங்க," என்றான் நிமிராமல். "ஒண்ணு இன்னும் இருக்குது. ஊத்துக்குளி ரோட்டுல, ரைஸ் மில்லுக்கு எதிர் லைன் வீடு. மூணாவது கதவு. பேரு பவளக்கொடி. தேதி வர்ற வெசாழக்கெழமை. நான் சொன்னேன்னு சொல்லிப் போடாதீங்க."

அவன் போனதும் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறைகள் இரண்டுதான். அவற்றில் இப்போது ஐந்து பேர் இருந்தார்கள். அங்கே போய் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, அந்தப் பெண் நம்புவாளா என்பதெல்லாம் இருவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

நல்லசிவம் பாயில் வந்து உட்கார்ந்து ஒரு குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு, இன்னொன்றைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இதுக ரெண்டையும் நான் பாத்துக்கறேன்," என்றான். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."